ஆயிரம் ரூபாய் போனுக்கு மூன்று விலை

2023 ஜூலையில் ஜியோ 999 ரூபாய்க்கு ஒரு 4ஜி பட்டன் போனைக் கொண்டுவந்தது. பாட்டு, யுபிஐ எல்லாம் அந்தச் சின்னத் திரையிலேயே. ஆனால் எந்த ஊர் ரீசார்ஜ் கடையில் பத்து நிமிடம் நின்றாலும் காதில் விழுவது யாராவது ஒரு பெரியவரின் வேறு பேச்சு: "நான் யாருக்கும் போன் பண்றதே இல்லைப்பா, வர்ற போனை எடுக்கத்தான் வெச்சிருக்கேன். அதுக்கு எதுக்கு இருநூறு ரூபா?" போன் மலிவாகிக்கொண்டே போகிறது என்கிறது செய்தி. போன் வைத்துக்கொள்வது கட்டுப்படியாகவில்லை என்கிறார் அந்தப் பெரியவர். இரண்டும் உண்மைதான். அது எப்படி என்று புரிய, ஏழை நாடுகளில் செல்போன் பரவிய கதையை அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

## மூன்று விலைகள்

"போன் விலை" என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று தனிச் செலவுகள் இருக்கின்றன. பெயர்கள் நான் வைத்தவை.

1. பெட்டி விலை. கடையில் காசு கொடுத்துப் போனைக் கையில் வாங்கும்போது ஆவது.
2. உயிர் விலை. வாங்கிய போன் உயிரோடு இருக்க மாதாமாதம் கட்டுவது. ரீசார்ஜ், வேலிடிட்டி எல்லாம் இதில் வரும்.
3. பராமரிப்பு விலை. சார்ஜ் ஏற்றுவது, பேட்டரி மாற்றுவது, ரிப்பேர். அப்புறம், நெட்வொர்க் மாறிவிட்டதால் நல்லாயிருக்கும் போனைத் தூக்கிப்போட்டு வேறு வாங்க நேர்வதும் இதில்தான் சேரும்.

விளம்பரத்தில் வருவது முதலாவது மட்டும். ஆனால் தினக்கூலிக்குப் போகும் ஒருவர் போன் வைத்துக்கொள்வாரா மாட்டாரா என்பதை இந்த மூன்றும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் செல்போன் பரவிய வேகத்துக்குக் காரணம், 2000களில் மூன்றுமே ஒரே காலத்தில் இறங்கியது. இன்றைக்கு முதலாவது ஓரளவு கீழே நிற்கிறது, மற்ற இரண்டும் திரும்ப ஏறுகின்றன.

## நிமிடத்துக்கு 16 ரூபாய்

இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31ல் நடந்தது. மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, கல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அப்போது பேச நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை ஆனது. கேட்பதற்கும் காசு, அதாவது எதிராளி கூப்பிட்டால் எடுப்பவரின் கணக்கிலிருந்தும் போகும். அதனால் மணி அடித்தால் எண்ணைப் பார்த்துவிட்டுக் கட் செய்து, பக்கத்து எஸ்டிடி பூத்துக்குப் போய்க் கூப்பிடுவது வழக்கமாக இருந்தது.

இதை மாற்றியவை இரண்டு கொள்கை முடிவுகள். இரண்டிலும் தொழில்நுட்பம் எதுவும் இல்லை.

1. 1999ன் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை. அதுவரை நிறுவனங்கள் அரசுக்கு நிலையான பெருந்தொகையை உரிமக் கட்டணமாகக் கட்ட வேண்டியிருந்தது. அதை வருமானத்தில் ஒரு பங்கு என்று மாற்றினார்கள். வாடிக்கையாளர் வந்தால்தான் கட்டணம் என்றானதும், விலையைக் குறைத்து ஆள் சேர்ப்பது லாபமான காரியம் ஆனது.

2. 2003 மே மாதம் வந்த "கூப்பிடுபவரே கட்டுவார்" முறை. இன்கமிங் இலவசமானது. பேசக் காசில்லாதவரும் போன் வைத்துக்கொள்ளலாம், கூப்பிட்டால் எடுக்கலாம். மிஸ்டு கால் என்ற பழக்கம் நம்மிடம் வேர்விட்டது இதனால்தான். ஒரு ரிங் என்றால் "கிளம்பிட்டேன்", இரண்டு ரிங் என்றால் "கூப்பிடு" என்று, காசு செலவாகாத ஒரு மொழியையே மக்கள் உருவாக்கிக்கொண்டார்கள்.

இந்த இரண்டாவது முடிவுக்குப் பின்னால் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. பின்னால் அதற்கென்றே ஒரு பகுதி வருகிறது, இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

## பாக்கெட் ஷாம்பு போல

ஷாம்பு பாட்டில் வாங்க முடியாதவர்களுக்குச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழியைக் கடலூர் சின்னி கிருஷ்ணன் காட்டியது நமக்குத் தெரிந்த கதை. செல்போனிலும் நடந்தது அதேதான்.

போஸ்ட்பெய்டு என்றால் மாதக் கடைசியில் பில். அதற்கு முகவரிச் சான்று வேண்டும், சம்பளம் வேண்டும், நிறுவனம் உங்களை நம்ப வேண்டும். ப்ரீபெய்டில் இந்த நம்பிக்கைப் பிரச்சினையே இல்லை, காசு முதலில் கைக்கு வந்துவிடுகிறது. ஆனால் சுரண்டும் கார்டை அச்சடித்து ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்கவே ஒரு செலவு உண்டு, ஆகவே மிகச் சின்னத் தொகைக்குக் கார்டு போட்டால் கட்டுபடியாகாது. இதை உடைத்தது பிலிப்பைன்ஸ். 2003ல் அங்கே ஸ்மார்ட் நிறுவனம் கார்டே இல்லாமல், கடைக்காரரின் போனிலிருந்து எஸ்எம்எஸ் வழியாகவே ரீசார்ஜ் ஏற்றும் முறையைத் தொடங்கியது. தெருமுனைப் பெட்டிக்கடை ஒவ்வொன்றும் ரீசார்ஜ் கடையாகிவிட்டது. ஒருவர் தன் கணக்கிலிருந்து இரண்டு பெசோவை இன்னொருவருக்கு அனுப்பவும் முடிந்தது.

நம் ஊரில் பத்து ரூபாய் ஈசி ரீசார்ஜ் வந்ததும் இதே வழியில்தான். 2009ல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று ஆரம்பித்தபோது, அந்த உடைப்பு நிமிடத்துக்குள்ளும் போனது. அதுவரை பத்து நொடி பேசினாலும் ஒரு நிமிடக் காசு போகும்.

மீதியை இன்னொருவருக்கு அனுப்பலாம் என்று ஆனதும் அது பணம் போலவே நடமாட ஆரம்பித்தது. உகாண்டாவில், நகரத்தில் வேலை பார்க்கும் மகன் ரீசார்ஜ் கார்டு வாங்கி, ஊரில் போன் வைத்திருக்கும் கடைக்காரருக்கு அந்த எண்ணைச் சொல்வான். கடைக்காரர் அதைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு, கமிஷன் போக மீதியை அம்மாவிடம் ரொக்கமாகக் கொடுப்பார். யாரும் திட்டமிட்டுக் கொடுத்த வசதி இல்லை அது, மக்களே கண்டுபிடித்தது. கென்யாவில் 2007 மார்ச்சில் சஃபாரிகாம் என்ற செல்போன் நிறுவனம் தொடங்கிய எம்-பெசா, இதே தேவையைப் போன் வழியாகப் பணம் அனுப்பும் முறையான சேவையாக ஆக்கியது. சிம் கார்டுக்குள் இருக்கும் ஒரு சிறு மெனு, அவ்வளவுதான். இணையம் வேண்டாம், ஸ்மார்ட்போன் வேண்டாம். எம்-பெசா வந்ததால் கென்யக் குடும்பங்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 1,94,000 குடும்பங்கள், வறுமையிலிருந்து வெளியே வந்ததாக 2016ல் பொருளாதார அறிஞர்கள் தவ்நீத் சூரியும் வில்லியம் ஜாக்கும் கணக்கிட்டார்கள். அந்த வேலையைச் செய்தது இருப்பதிலேயே மலிவான போன் என்பதைக் கவனிக்க வேண்டும்.

## பெட்டிக்குள் என்ன இருக்கிறது

இப்போது பெட்டி விலைக்கு வருவோம். ஒரு மலிவான பட்டன் போனைத் திறந்து பாருங்கள். பின்மூடியை நகத்தால் நெம்பினால் பேட்டரி, பல போன்களில் அது இன்னமும் பிஎல்-5சி என்ற பழைய நோக்கியா அளவிலேயே இருக்கும், எந்தக் கடையிலும் கிடைக்கும். அதைக் கழற்றி நாலு திருகை எடுத்தால் ஒரே ஒரு பச்சைப் பலகை. வெள்ளித்தகடு மூடிய ஒரு சில்லு, பக்கத்தில் இரண்டு சிம் தட்டு, மெல்லிய ஒயரில் பற்றவைத்த ஸ்பீக்கர், அதைவிடச் சின்னதாக வைப்ரேட்டர் மோட்டார். வேறு பெரிதாக ஒன்றுமில்லை.

20 வருடத்துக்கு முன்பு இந்த ஒற்றைச் சில்லு இருந்த இடத்தில் பல இருந்தன. அவற்றை இயக்கும் மென்பொருளை ஒவ்வொரு நிறுவனமும் நூற்றுக்கணக்கான பொறியாளர்களை வைத்துத் தானே எழுதியது. அதனால் போன் செய்யத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தார்கள். அவர்களுக்குள்ளேயே விலையைக் குறைக்கும் முயற்சிகள் நடந்தன. 2003ல் வந்த நோக்கியா 1100 தூசி புகாத ரப்பர் கீபேட், வழுக்காத பக்கங்கள், தலையில் டார்ச் என்று கரண்ட் போகும் ஊர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டது, 25 கோடிக்கு மேல் விற்றது. 2005ல் உலக மொபைல் நிறுவனங்களின் சங்கமான ஜிஎஸ்எம்ஏ 40 டாலருக்குள் ஒரு போன் கேட்டு ஏலம் விட்டது, மோட்டோரோலா அதை எடுத்தது, அதே வருடத்திலேயே இலக்கு 30 டாலருக்குக் கீழே போனது.

ஆனால் விலையை உண்மையில் உடைத்தது தைவானின் மீடியாடெக். சிடி, டிவிடி டிரைவ்களுக்குச் சில்லு செய்துவந்த நிறுவனம் அது. போன் சில்லுக்கு வந்தபோது, சில்லோடு மென்பொருளையும், பலகையை எப்படி வடிவமைப்பது என்ற வரைபடத்தையும் சேர்த்து ஒரே பொட்டலமாக விற்றது. தொழில்காரர்கள் இதை டர்ன்கீ என்பார்கள். சாவியைத் திருப்பினால் வண்டி ஓடும் என்ற நிலையில் கொடுப்பது. இதன் விளைவுகளை வரிசையாகப் பார்க்கலாம்.

1. போன் செய்ய இனிமேல் பொறியாளர் படை தேவையில்லை. உறை, திரை, ஒரு பெயர், கொஞ்சம் முதல் இருந்தால் போதும். சீனாவின் ஷென்ஜென் நகரத்தில் உள்ள ஹுவாசியாங்பெய் சந்தையில் இவையெல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும்.

2. வருடம் எடுத்த வேலை சில மாதங்களுக்குச் சுருங்கியது. எது விற்கும் என்று யோசித்துக்கொண்டிருக்காமல் செய்து பார்த்துவிடலாம். சைனா செட் என்று நாம் சொன்ன போன்களில் காதைப் பிளக்கும் ஸ்பீக்கரும் டிவி ஆன்டெனாவும் இரண்டு சிம்மும் இருந்தது இப்படித்தான்.

3. 2007ல் சீன அரசு போன் தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும் என்ற விதியையும் எடுத்துவிட்டது. வெள்ளம் திறந்துவிட்டது போல் ஆனது.

4. கட்டுப்பாடு இல்லாததன் விலையும் இருந்தது. ஒவ்வொரு போனுக்கும் தனி அடையாளமாக ஐஎம்இஐ எண் இருக்க வேண்டும், *#06# அழுத்தினால் வருவது. பல சைனா செட்டுகளில் அது இல்லை, அல்லது ஒரே எண் ஆயிரக்கணக்கான போன்களில் இருந்தது. 2009 இறுதியில் இந்தியா அந்தப் போன்களுக்கு இணைப்பைத் துண்டித்தது.

ஸ்ரீபெரும்புதூர் இந்த மாற்றத்தின் அடியை நேரடியாக வாங்கிய ஊர். அங்கே 2006ல் தொடங்கிய நோக்கியா ஆலையில் ஆயிரக்கணக்கானவர்கள், பெரும்பாலும் இளம்பெண்கள், வேலை செய்தார்கள். மலிவுப் போன்களுக்கான உலகச் சந்தை சீனத்தின் பக்கம் சாய்ந்தது, ஸ்மார்ட்போனில் நோக்கியா பின்தங்கியது, அதோடு வரி வழக்கும் சேர்ந்துகொள்ள 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. போன் விலை இறங்கியதைக் கொண்டாடும் எந்தக் கணக்கிலும் அந்தப் பெண்களை நாம் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

## ஆப்பிரிக்காவுக்கென்றே ஒரு போன்

விலை குறைவு மட்டும் போதாது என்பதற்குச் சீனாவின் டிரான்ஷன் நிறுவனம் நல்ல உதாரணம். 2006ல் தொடங்கி, 2008 முதல் ஆப்பிரிக்காவில் முழுக்கவனம் செலுத்தியது. டெக்னோ, ஐடெல், இன்ஃபினிக்ஸ் மூன்றும் இவர்களுடையவைதான். இவர்கள் கவனித்த விஷயங்கள் எளிமையானவை. ஒரே நெட்வொர்க்குக்குள் பேசினால் மலிவு, வேறு நெட்வொர்க்குக்குப் பேசினால் பலமடங்கு, அதனால் மக்கள் பையில் மூன்று சிம் வைத்து மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். டெக்னோ இரட்டை சிம் கொடுத்தது, நான்கு சிம் வரைகூடக் கொடுத்தது. வெளிர்தோலுக்கு அளவு வைத்த கேமராக்களில் கறுப்பு முகம் இருட்டாக விழுந்தது, அதைச் சரிசெய்தது. 2011ல் எத்தியோப்பியாவில் ஆலை போட்டது, அம்ஹாரிக் எழுத்தில் கீபேட் கொடுத்தது.

பராமரிப்பு விலையையும் கவனித்தவர்கள்தான் இடம்பிடித்தார்கள். இந்தியாவில் மைக்ரோமேக்ஸ் போன் விற்கத் தொடங்கிய கதையும் அதுதான். மேற்கு வங்கத்தில் கரண்ட் இல்லாத ஓர் ஊரில் ஒருவர் லாரி பேட்டரியை வைத்து பிசிஓ என்ற பொதுத் தொலைபேசி நடத்திக்கொண்டிருந்தார், ராத்திரியானால் அந்தப் பேட்டரியை சைக்கிளில் வைத்து, கரண்ட் இருக்கும் ஊருக்குச் சார்ஜ் ஏற்றக் கொண்டுபோவார். அதைப் பார்த்த பிறகு, ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் 30 நாள் நிற்கும் என்று ஒரு போனைக் கொண்டுவந்தார்கள்.

## வடகரையில் ஒரு காலைப்பொழுது

இதெல்லாம் எதற்கு முக்கியம் என்று கேட்டால், 1997 ஜனவரி 14 காலை கேரளத்தின் வடகரை கடற்கரைக்குப் போக வேண்டும். மீனோடு கரைசேர்ந்த 11 பேருக்கு அன்று வாங்க ஆளில்லை. மீனைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அதே நேரத்தில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த மற்ற கடற்கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சனின் ஆய்வில் பதிவான நாள் இது. அந்த வருடமே வடகேரளக் கரையில் செல்போன் வரத் தொடங்கியது, டவர் சிக்னல் கடலுக்குள்ளும் எட்டியது, படகில் இருந்தபடியே விலை கேட்டுக் கரை தேர்ந்தெடுக்கத் தொடங்கினார்கள். மீனைக் கொட்டுவது நின்றது, மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் ஏறியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் இறங்கியது.

அவர்களுக்குத் தேவைப்பட்டது பேச்சு மட்டும். டேட்டா தேவைப்படவில்லை.

## இன்கமிங்குக்கு ஏன் காசு வந்தது

மேலே நினைவில் வைக்கச் சொன்ன கணக்கு இதுதான். நீங்கள் ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொரு நெட்வொர்க்குக்குக் கூப்பிட்டால், கூப்பிட்டவரின் நிறுவனம் எடுத்தவரின் நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு இத்தனை பைசா என்று கொடுக்கும். இதற்கு இணைப்புப் பயன்பாட்டுக் கட்டணம், சுருக்கமாக ஐயுசி, என்று பெயர். கிராமத்துப் பாட்டி ஒரு ரூபாய்கூட ரீசார்ஜ் செய்யாமல் பேரன் கூப்பிடுவதை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தாலும், பேரன் வேறு நெட்வொர்க்கில் இருந்தால் பாட்டியின் நிறுவனத்துக்கு வருமானம் வந்துகொண்டிருந்தது. பாட்டி சுமை இல்லை.

பிறகு நடந்தது:

1. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, பேச்சு இலவசம், டேட்டாவுக்கு மட்டும் காசு என்றது. மற்றவர்களும் அதே வழிக்கு வரவேண்டியதாயிற்று.
2. 2017 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஐயுசியை 14 பைசாவிலிருந்து 6 பைசாவாக்கியது. 2021 ஜனவரி 1 முதல் அது பூஜ்யம்.
3. ஆக, இன்கமிங் மட்டும் எடுக்கும் வாடிக்கையாளரிடமிருந்து நிறுவனத்துக்கு வருவது ஒன்றுமில்லை என்றாகிவிட்டது.
4. 2018 இறுதியில் 28 நாளைக்குக் குறைந்தது 35 ரூபாய் போட்டால்தான் இணைப்பு என்று ஏர்டெல், வோடஃபோன் ஐடியா ஆகிய பழைய நிறுவனங்கள் அறிவித்தன. 2021 நவம்பரில் அந்த அடிமட்டம் 99 ரூபாய் ஆனது. 2024 ஜூலை உயர்வுக்குப் பிறகு 28 நாளுக்கு 199 ரூபாய்.

28 நாள் என்பதையும் கவனியுங்கள். மாதமென்று நினைத்துக் கட்டினால் வருடத்துக்கு 12 முறை, 28 நாளுக்கு ஒருமுறை என்றால் 13 முறை. 199ஐ 13ஆல் பெருக்கினால் 2,587 ரூபாய். அந்த 999 ரூபாய் போனுக்கே 28 நாள் திட்டம் 123 ரூபாய் என்று வைத்தார்கள், 13 முறை கட்டினால் வருடத்துக்கு 1,599. போனின் விலையைவிட ஒரு வருட உயிர் விலை அதிகம்.

நிறுவனங்கள் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன், டவருக்கும் அலைக்கற்றைக்கும் அவர்கள் போட்ட காசு எங்கிருந்தாவது வரவேண்டும். ஆனால் ஒரு ஜிபியும் தொடாத பாட்டி, வீடியோ பார்க்கும் பேரனுக்கான திட்டத்தை வாங்கியாக வேண்டும் என்றால் அது பாக்கெட் ஷாம்புவை எடுத்துவிட்டுப் பாட்டிலை மட்டும் விற்பது போன்றது. 2024 டிசம்பரில் டிராய் பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனித் திட்டம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கொடுத்தார்கள், ஆனால் 84 நாளுக்கு 450 ரூபாயை ஒட்டிய தொகையில். ஒருநாளுக்கு ஐந்து ரூபாய்க்கு மேல். அதைவிடப் பெரிய சிக்கல், முழுத் தொகையும் முதலிலேயே கொடுக்க வேண்டும்.

## 2ஜி போனால், போன் ஊமை

பராமரிப்பு விலை ஏறுவது 2ஜி, 3ஜி மூடலால். 2ஜியில் பேச்சுக்கென்று தனித்தடம் உண்டு, 4ஜியில் பேச்சும் டேட்டாவாகத்தான் போகும். ஆகவே 2ஜியை மூடும் நாளில் பழைய பட்டன் போன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஊமைதான். தென்னாப்பிரிக்கா 2027 இறுதியை கெடுவாக வைத்திருக்கிறது. ஏழைகள் மாறிக்கொள்ள உதவியாக, 2,500 ராண்டுக்குக் குறைந்த ஸ்மார்ட்போன்களுக்கு இருந்த ஆடம்பர வரியை 2025 ஏப்ரலில் நீக்கியது. 2009ல் கென்யா போன்களுக்கு மதிப்புக்கூட்டு வரியை எடுத்ததும் இதே யோசனைதான், 2013ல் திரும்பப் போட்டுவிட்டார்கள்.

பெட்டி விலைக்கும் இப்போது ஒரு நெருக்கடி வந்திருக்கிறது. 4ஜி போனுக்கு நினைவகச் சில்லு கூடுதலாக வேண்டும். 2025ன் பிற்பாதியிலிருந்து, ஏஐ தரவு மையங்கள் நினைவகத்தை வாரிக்கொள்வதால், அந்தச் சில்லின் விலை வேகமாக ஏறியது. லட்ச ரூபாய் போனில் நினைவகம் செலவின் ஒரு சிறு பங்கு, அதில் ஏற்றத்தை விழுங்கிவிடலாம். ஏழாயிரம் ரூபாய் போனில் விழுங்க லாபமே இல்லை. எனவே முதலில் அடிபடுவது மலிவு போன்தான்.

சிக்னல் இல்லாததால் இணையம் இல்லாதவர்கள் உலகத்தில் சுமார் 4 சதவீதம் என்று 2024ல் ஜிஎஸ்எம்ஏ கணக்கிட்டது. சிக்னல் தலைக்கு மேலேயே இருந்தும் பயன்படுத்தாதவர்கள் 39 சதவீதம், ஏறக்குறைய 310 கோடிப் பேர். அதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று போன் விலை.

## தவணை, பூட்டு

இதற்கு இப்போது முன்வைக்கப்படும் பதில், பெட்டி விலையையும் பாக்கெட்டாக உடைப்பது. 2020ல் சஃபாரிகாம் கூகுளுடன் சேர்ந்து "லிபா ம்டோகோ ம்டோகோ" என்று ஒரு திட்டம் தொடங்கியது, சுவாஹிலியில் "கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டு" என்று பொருள். 1,000 ஷில்லிங் முன்பணம், பிறகு நாளொன்றுக்கு 20 ஷில்லிங், ஒன்பது மாதத்தில் 4ஜி ஸ்மார்ட்போன் சொந்தம். கட்டுவதும் எம்-பெசா வழியாகவே. யோசனை நல்லது, தினக்கூலியின் வாழ்க்கைக்குப் பொருந்துகிறது.

ஆனால் கட்டத் தவறினால் போன் தொலைவிலிருந்தே பூட்டப்படும். கடன் கொடுத்தவருக்கு அதுதான் உத்தரவாதம், அடமானத்துக்கு வேறு ஒன்றும் இல்லாதவருக்குக் கடன் கிடைப்பதே அதனால்தான். இந்தியாவிலும் தவணை தவறிய போன்களைப் பூட்ட அனுமதிக்கலாமா என்று ரிசர்வ் வங்கி 2025ல் பரிசீலிக்கத் தொடங்கியது. இங்கே விதி எழுதுபவர்கள் தெளிவாக்க வேண்டியவை: எத்தனை நாள் தவறினால் பூட்டு, பூட்டுமுன் எத்தனை எச்சரிக்கை, பூட்டிய போனில் என்னென்ன வேலை செய்யும். அவசர எண் மட்டும் போதாது. கூலி வேலைக்குக் கூப்பிடும் மேஸ்திரியின் அழைப்பும், வந்த கூலியை எடுக்கும் யுபிஐயும் அதே போனுக்குள்தான் இருக்கின்றன. அவை திறந்திருந்தால்தான் அடுத்த தவணையைக் கட்டவே முடியும்.